கைராசி டாக்டர்

டாக்டர் சென்னவீரப்பாவின் கைராசியைப் பற்றி தாவணகெரேயின் பொரிப் பட்டறைத் தெருவில் யாரும் எதிர்த்துப் பேசிவிட முடியாது. பேசினால் அந்தத் தெருவில் பொரி கிடைக்காது; தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜியும் கிடைக்காது; நாலு பேர் வாயால் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் மிச்சம். மூச்சு இழுத்து, தோள் இரண்டும் காதுவரை ஏறி, கண் பிதுங்க ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்கள், அவர் கையால் ஓர் ஊசி போட்டுக்கொண்டு, வெளியே பெஞ்சில் சற்று உட்கார்ந்துவிட்டு, எழுந்து நடந்தே வீட்டுக்குப் போவார்கள். கண்ணால் பார்த்ததை யார் இல்லை என்பது? மருந்து எல்லாரிடமும் இருக்கிறது, இந்தக் கை யாரிடம் இருக்கிறது என்பார்கள்.

இந்தப் பஜனைக் கோஷ்டிக்குத் தலைவி கொட்ரம்மா. அவள் கணவன் கரிபசப்பாவின் பட்டறை தெருவின் கோடியில் இருந்தது. உமியை அள்ளிப் போட்டு அடுப்பை எரித்து, கொதிக்கிற மணலில் அரிசியைக் கொட்டிப் பொரித்துச் சலிக்கிற வேலை. புகைக்கும் தூசிக்கும் குறைவே கிடையாது. கல்யாணமாகி வந்த அடுத்த மழைக்காலத்திலேயே அவளுக்கு நெஞ்சில் பூனை கத்த ஆரம்பித்துவிட்டது. கரிபசப்பா அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். “அலர்ஜி தாயி. தூசி ஒத்துக்கலை, வேற ஒண்ணுமில்ல” என்றார் டாக்டர். ஊசி போட்டார், அடங்கியது. கொட்ரம்மாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப் போயிற்று. அலர்ஜி என்பது ஏதோ படித்த பெண்களுக்கு வருகிற சமாசாரம் மாதிரி இருந்தது. பட்டறையில் கூட வேலை செய்கிறவர்களிடம், “எனக்கு அலர்ஜி இருக்குடி, அந்த உமியை அந்தப் பக்கம் கொட்டு” என்று கொஞ்சம் ராங்கியாகவே சொல்வாள்.

இழுத்தால் ஊசி, அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சின்ன வெள்ளை மாத்திரை. மறுபடி இழுத்தால் மறுபடி ஊசி. இப்படியே வருஷங்கள் ஓடின. மாத்திரையின் தயவில் அவள் கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பின. பார்த்தவர்கள், “டாக்டர் கை பட்டு உடம்பு எப்படித் தேறிடுச்சு பாரு” என்றார்கள். கொட்ரம்மாவும் கண்ணாடியில் பார்த்து, ஆமாம் என்றுதான் நினைத்தாள்.

அவள் மகள் ஸ்பூர்த்திக்கும் அதே பூனை வந்தது. ஆனால் அந்தப் பெண் சும்மா இருக்கிற பெண்ணா? கோகோ ஆட்டத்தில் புலி. கம்பத்தைச் சுற்றித் திரும்பினால், துரத்திக்கொண்டு வந்தவள் திரும்புவதற்குள் இவள் அடுத்த மூலையில் நிற்பாள். விளையாட்டு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது, சீருடை கிடைத்தது, பெயர் போட்ட பனியன் கிடைத்தது. போன வருஷம் மழை தொடங்கியதும் இழுப்பும் தொடங்கியது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு, “இந்த உடம்புக்கு ஓட்டமெல்லாம் ஆகாது தாயி. மைதானத்துத் தூசி ஒத்துக்கலை. வீட்டுல இருந்து படிக்கட்டும்” என்றார். டாக்டர் வாயிலிருந்து வந்துவிட்டதே! கொட்ரம்மா மறுநாளே போய் மகளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஸ்பூர்த்தி பள்ளிக்குப் போவாள், வருவாள், மூலையில் உட்காருவாள். அந்தப் பனியனைத் துவைக்கவும் விடமாட்டாள், போடவும் மாட்டாள்.

இப்போது ஹாஸ்டலிலிருந்து கோச் வித்யாவதி மேடம் போன் செய்திருந்தாள். “ஸ்பூர்த்தி இடத்துல நான் இன்னும் யாரையும் போடலை. டீமுக்கு ஆள் எடுக்கப் போறோம். உங்க டாக்டர் ஓடலாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அனுப்பி வைங்க. இந்தத் தடவை விட்டா அப்பறம் வயசு தாண்டிடும்” என்றாள். ஸ்பூர்த்தி அம்மா கையிலிருந்த போனில் காதை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அது போதாதா ஒரு தாய்க்கு?

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. கிளினிக்கில் கேட்டால் கூட்டத்தில் ஒரு வார்த்தையோடு அனுப்பிவிடுவார், வீட்டில் கேட்டால் கொஞ்சம் மனது வைப்பார் என்று கணக்குப் போட்டு, சூடாகப் பொரித்த பொரி ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு, கொட்ரம்மா காலையிலேயே டாக்டர் வீட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

டாக்டரின் மனைவி சர்வமங்களா கதவைத் திறந்தாள். வெள்ளந்தியான பொம்பளை. வாய் மட்டும் மூடாது. “வா கொட்ரம்மா, பொரியா? இவரு ஷட்டில் ஆடக் கிளம்பிட்டிருக்காரு, பிடிச்சுக்கோ. எனக்கு அடுப்புல வேலை” என்று கரண்டியோடு வாசற்படியிலேயே நின்று பேசினாள்.

முற்றத்தில் குழாயடியில் டாக்டர் நின்றிருந்தார். வெள்ளை அரை டிராயர், கழுத்தில் துண்டு, சுவரில் சாய்த்து வைத்த பேட். இவர்கள் பக்கம் முதுகு. சட்டைப்பையிலிருந்து ஒரு பழுப்பு நிற பம்பை எடுத்துக் குலுக்கினார். மூச்சை முழுக்க வெளியே விட்டு, அதை வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுத்தார். கன்னம் அசையாமல் அப்படியே நின்றார். விட்டார். மறுபடி ஒரு தடவை. பிறகு குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

“அக்கா, டாக்டர் என்ன பண்றாரு?” என்றாள் கொட்ரம்மா.

“அதுவா? பம்பு இழுக்கறாரு. ஆஸ்துமாவுக்கு.”

“யாருக்கு ஆஸ்துமா?”

“இவருக்குத்தான். காலேஜ்ல படிக்கறப்பலேர்ந்து இருக்கு. உனக்குத் தெரியாதா? தினம் காலையில, ராத்திரில, பல்லு விளக்கறது மாதிரி. அப்பல்லாம் படுத்தா எழுந்திரிக்க மாட்டாராம், எங்க மாமியார் சொல்லுவாங்க. நான் வந்து இத்தனை வருஷத்துல இவரு இழுத்துப் படுத்து ஒரு நாள் பார்த்ததில்ல. மழையோ பனியோ, பேட்டைத் தூக்கிட்டுப் போயிடுவாரு.” சொல்லிவிட்டு அவளாகவே சேர்த்துக்கொண்டாள். “உனக்கும் உன் பொண்ணுக்கும் இதைத்தானே குடுத்திருக்காரு?”

“எங்களுக்கு ஊசி அக்கா.”

சர்வமங்களாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கொட்ரம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கணவனின் முதுகைப் பார்த்தாள். “ஐயையோ, தோசை தீயுது” என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் அதுவரை தோசைக்கல்லே வைக்கவில்லை.

டாக்டர் திரும்பினார். “அடடே, கொட்ரம்மா! என்ன தாயி காலங்காத்தால? இழுக்குதா? உட்காரு, ஊசி கொண்டு வரேன்.”

“ஊசி வேண்டாம் டாக்டரே. நீங்க இப்ப இழுத்தீங்களே, அது என்ன?”

“இதுவா? இது வேற.”

“ஆஸ்துமாவுக்குன்னு அக்கா சொன்னாங்க.”

டாக்டர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கூட இல்லை.

“எனக்கு இருக்கறதும் ஆஸ்துமாதானா?” என்று கேட்டாள் கொட்ரம்மா.

“அலர்ஜின்னாலும் அதுதான், ஆஸ்துமான்னாலும் அதுதான். பேருல என்ன தாயி இருக்கு?”

“பேருல ஒண்ணும் இல்ல, சரி. மருந்துல இருக்கே. உங்களுக்கு பம்பு, எனக்கு ஊசியா?”

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. இந்த மனிதரிடம் அவள் இதுவரை கேள்வி என்று ஒன்று கேட்டதில்லை. அவர் சொல்வார், இவள் தலையாட்டுவாள், அவ்வளவுதான் இத்தனை வருஷப் பேச்சு.

டாக்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரம்பு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். அவள் உட்காரவில்லை. அதனால் அவரும் நின்றுகொண்டே பேச வேண்டியதாயிற்று.

“இதைப் பாரு. இது இழுக்கறப்ப போடற மருந்து இல்ல. நல்லா இருக்கறப்ப, தினமும் போடணும். மூச்சுக் குழாய்க்குள்ள வீக்கம் இருக்கு பாரு, அதைக் கொஞ்சம் கொஞ்சமா அடக்கும். இன்னைக்குப் போட்டா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. வாரக் கணக்குல ஆகும். உடம்பு நல்லா இருக்கறப்ப எதுக்கு மருந்துன்னு கேக்கற ஜனங்ககிட்ட இதைக் குடுத்து என்ன பண்ண?”

“குடுத்துப் பார்த்தீங்களா?”

“பார்க்காமலா! படிச்சு முடிச்சு இங்க வந்து உட்கார்ந்த புதுசுல வந்தவங்களுக்கெல்லாம் இதைத்தான் எழுதினேன். பாதிப் பேரு வாங்கவே இல்ல. வாங்கினவங்க ரெண்டு நாள் இழுத்துட்டு ஒண்ணும் தெரியலைன்னு தூக்கிப் போட்டாங்க. பம்பு பழகிட்டா சாகற வரைக்கும் விடாதுன்னு ஒரு பேச்சு. பம்பு டாக்டர்னு எனக்குப் பேரு. எதிர்த்தாப்பல ஒருத்தரு ஊசி போட்டாரு. போட்ட உடனே எழுந்து நடந்தாங்க. ஊர்ல அவருக்குத்தான் கைராசின்னு ஆயிடுச்சு. நான் ஈ ஓட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பறம் நானும் ஊசியை எடுத்தேன்.” அவர் உதட்டைச் சுழித்தார். “எனக்கும் கைராசி வந்துடுச்சு.”

“அப்ப நாங்க கைராசின்னு சொன்னது...”

“மருந்து தாயி. ஸ்டீராய்டுன்னு பேரு. யார் கையால போட்டாலும் அதே வேலைதான் செய்யும். பம்புலயும் அதுதான் இருக்கு, துளியூண்டு. நேரா நெஞ்சுக்குப் போறதால உடம்பைக் கெடுக்காது. ஊசியும் மாத்திரையும் அப்படி இல்ல, உடம்பு பூரா போகும். உன் கன்னம் உப்பியிருக்கே, அது அதனாலதான்.”

கொட்ரம்மாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. சதை போட்டிருக்கிறது, தேறிவிட்டாய் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அவளும் எத்தனை தடவை வெட்கத்தோடு சிரித்திருப்பாள்! அது வீக்கம் என்று தெரிந்த ஒரே மனிதர், மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவர், வாயைத் திறக்கவில்லை.

“அவ்வளவு தெரிஞ்ச நீங்க, உங்களுக்கு எழுதிக்கறப்ப மட்டும் எப்படி டாக்டரே கை வந்துச்சு?”

“நான் போடுவேன்னு எனக்குத் தெரியும்.”

யோசிக்காமல் சொல்லிவிட்டார். பொய்யாக ஏதாவது சொல்லியிருந்தால் கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சொன்னது நிஜம் என்று அவர் முகமே காட்டியது. எழுதுகிற டாக்டருக்கு ஒரே ஒரு நம்பிக்கை வேண்டும், எதிரே இருக்கிறவன் இதைப் போடுவான் என்று. அந்த நம்பிக்கையை அவர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

“நான் போட மாட்டேன்னு யாரு சொன்னா உங்களுக்கு?” என்றாள் கொட்ரம்மா. “இத்தனை வருஷத்துல நீங்க சொன்ன எதை நான் செய்யாம விட்டேன்? தயிரை விடுன்னீங்க, விட்டேன். வாழைப்பழத்தை விடுன்னீங்க, விட்டேன். தலைக்குக் குளிக்காதேன்னீங்க, தீபாவளிக்குக் கூட நான் எண்ணெய் வச்சுக் குளிச்சதில்ல. பொண்ணை ஓட விடாதேன்னீங்க, அதையும் கேட்டேன். தினம் ரெண்டு வேளை இழுத்து வாயைக் கொப்பளிக்கறதைத்தான் நான் செய்ய மாட்டேன்னு நெனச்சீங்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?”

டாக்டர் பேட்டை எடுத்து, அதன் நரம்பை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் மாதிரி, “உனக்கு எழுதத்தான் போனேன்” என்றார்.

“என்ன?”

“முதல் தடவை வந்தே பாரு, கல்யாணமான புதுசுல. நீ வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தே. நான் இது ஆஸ்துமா, தினமும் பம்பு போடணும்னு சொல்லி எழுதப் போனேன். கரிபசப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டான். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க, பம்பு வீட்டுக்கு வந்தா தெருவுக்கே தெரிஞ்சுடும், வேற ஏதாவது பேரு சொல்லுங்கன்னு அழாத குறையா கேட்டான். அப்பதான் அலர்ஜின்னு சொன்னேன்.”

“ஸ்பூர்த்திக்கு?”

“அவளுக்கும் வந்து கேட்டான். பொண்ணுப் பிள்ளை, நாளைக்குக் கட்டிக் குடுக்கணும்னு.”

அவள் இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் எல்லாருக்கும் தெரிந்து அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் கூடத் தேவலை. இது காதும் காதும் வைத்தாற்போல் இரண்டு ஆம்பளைகள் அவள் மூச்சை வைத்துப் பேசி முடித்த விவகாரம். ஒருத்தர் கையால் அவள் மருந்து சாப்பிட்டாள், இன்னொருத்தர் கையால் தாலி வாங்கிக்கொண்டாள்.

“கட்டினவன் சொன்னா கேட்டுடுவீங்களா? மூச்சு யாரோடது?”

“கேட்டிருக்கக் கூடாது” என்றார் டாக்டர். “ஆனா எனக்கும் அது சுலபமா இருந்துச்சு தாயி. உள்ளதைச் சொல்றேன். ஒருத்தருக்கு பம்பு எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுத்து, பயத்தைப் போக்கி, மறுபடி வரச் சொல்லி... அந்த நேரத்துல அஞ்சு பேருக்கு ஊசி போட்டுடலாம். வெளியே கூட்டம் நிக்கும்.”

“இப்ப கூட்டம் இல்ல. எழுதுங்க. ஆஸ்துமான்னே எழுதுங்க. இங்கிலீஷ்ல கிறுக்காதீங்க, கன்னடத்துல கொட்டை எழுத்துல எழுதுங்க, யாரு வேணாலும் படிக்கட்டும். ரெண்டு பேருக்கும்.”

எழுதினார். எழுதி முடித்து, தீர்ந்துபோன பழைய பம்பு ஒன்றைக் கொண்டு வந்து, எப்படிக் குலுக்குவது, எப்படி மூச்சை விட்டுவிட்டு இழுப்பது, எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்று காட்டினார். அவளையும் செய்யச் சொன்னார். முதல் தடவை தப்பு, இரண்டாம் தடவை தப்பு, மூன்றாம் தடவை சரி. வெள்ளை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதே, தன்னிடம் வந்தால் குறைத்துக் குறைத்து நிறுத்தலாம் என்றார். சட்டென்று இழுத்தால் போட நீல நிறத்தில் இன்னொரு பம்பு, அதையும் எழுதினார். எல்லாவற்றையும் பொறுமையாக, நன்றாகச் சொன்னார். இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் அதனால் இன்னும் கூடியதே தவிர குறையவில்லை.

“ஓடலாமா அவ?” என்று கடைசியாகக் கேட்டாள்.

“தாராளமா. ஒழுங்கா போடட்டும், சில வாரம் போகட்டும், கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கட்டும். ஓட்டத்துக்கும் இதுக்கும் விரோதமே இல்ல.”

“போன வருஷமும் ஓடியிருக்கலாமா?”

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. “ஓடியிருக்கலாம்” என்றார்.

கொட்ரம்மா பொரிப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனதைத் திரும்ப எடுத்து வந்தது அந்த ஒரு தடவைதான்.

மருந்துக்கடைக்காரன் பம்புகளை எடுத்து, அவள் கேட்காமலே பழைய பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பையில் போட்டான். “உள்ளே மறைச்சு எடுத்துட்டுப் போங்கக்கா, யாரும் பார்க்க மாட்டாங்க” என்று கரிசனமாகச் சொன்னான். அவள் பையை வாங்கி, பேப்பரைப் பிரித்து அவன் மேஜையிலேயே போட்டுவிட்டு, பெட்டிகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். “என்ன கொட்ரம்மா அது?” என்று சல்லடையோடு நின்ற ஒருத்தி கேட்டாள். “ஆஸ்துமா பம்பு. எனக்கும் என் பொண்ணுக்கும்” என்று உரக்கவே சொன்னாள். அவள் தெருக்கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி பட்டறைக்குப் போய்விட்டது.

கரிபசப்பா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தான். மீசையில் உமித்தூசி. “ஏ கொட்ரி, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? தெருவெல்லாம் தண்டோரா போட்டுட்டு வர்றே?”

“போடாம விட்டதை இன்னைக்குப் போட்டேன். டாக்டர் கையைப் பிடிச்சுத் தடுத்தீங்களாமே?”

அவன் முகம் செத்துப்போயிற்று. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவளைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனான்.

“கூடப் பிறந்த எங்க ஹாலக்கா கதை உனக்குத் தெரியாதா? ஆஸ்துமான்னு தெரிஞ்ச அன்னைக்கே அவ புருஷன் வீட்டுல பொட்டியோட கொண்டாந்து விட்டுட்டுப் போனாங்க. எங்கம்மா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நீ வந்த ஆறு மாசத்துல உனக்கும் அதேன்னு டாக்டர் சொன்னா? எங்க வீட்டுக்கே ஆகாத வியாதின்னு ஊரே சொல்லும். நம்ம பொண்ணை யாரு கட்டுவாங்க?”

“ஊருக்குச் சொல்லாதீங்க. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“உங்கிட்ட சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிதானே! உன் வாய் சும்மா இருக்குமா?” வழக்கமான கேலிதான். வழக்கமாக அவளும் ஒன்று திருப்பிக் கொடுப்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். இன்றைக்கு அவன் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“நான் இழுத்துக்கிட்டுக் கிடக்கறப்பல்லாம் என் முதுகைத் தடவிட்டு உட்கார்ந்திருப்பீங்களே” என்றாள் கொட்ரம்மா. “பாவம், எனக்காகத் தூங்காம இருக்காரேன்னு நெனப்பேன். சாமிகிட்ட உங்களுக்காகத்தான் வேண்டிப்பேன். என்ன மருந்துன்னு தெரிஞ்சுகிட்டேதான் தடவுனீங்களா?”

அடுப்பில் அரிசி தீய்கிற வாடை வந்தது. அவன் போகவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

இந்த இரண்டு பேர் மீதும் இருந்த கோபத்தின் நடுவே அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. ஸ்பூர்த்தி ஓடலாம். இந்த ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் மகள் மடியில் போட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் என்று இருந்தது. மகள் கூடத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கொட்ரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இது ஆஸ்துமா என்றாள். இந்த பம்பைத் தினமும் போட்டால் அடங்கும் என்றாள். டாக்டரே இதைத்தான் போட்டுக்கொள்கிறார் என்றாள். ஓடலாமாம் என்றாள்.

ஸ்பூர்த்தி பேனாவை மூடி வைத்தாள். “ஓடலாம்னு யாரு சொன்னது?”

“டாக்டர்தான்.”

“ஓடக் கூடாதுன்னு சொன்னது?”

“அவருதான்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்டி. அவருதான் சொல்ல வேண்டாம்னாரு.”

“உனக்கு?”

“எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். சத்தியமா.”

ஸ்பூர்த்தி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நம்பாத பார்வை என்றும் சொல்ல முடியாது. நம்ப முயற்சி செய்து பார்க்கிற மாதிரி இருந்தது. பம்பை எடுத்து, அம்மா சொன்ன மாதிரியே குலுக்கி, மூச்சை விட்டு, இழுத்தாள். விளையாட்டுப் பெண் அல்லவா, முதல் தடவையே சரியாக வந்தது. மூச்சைப் பிடித்து நின்று மெல்ல விட்டாள்.

“ஹாஸ்டல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நான் வர மாட்டேன்னு நின்னேனே, ஞாபகம் இருக்கா?” என்றாள். “என் விரலை ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்தது நீதானேம்மா?”

“டாக்டர் சொன்னாருன்னுதானடி...” என்று ஆரம்பித்தாள் கொட்ரம்மா. பிரித்தது அவள்தான். டாக்டரும் வரவில்லை, கரிபசப்பாவும் வரவில்லை. அந்தப் பிள்ளை கத்தக் கத்த, கேட் கம்பியிலிருந்து விரல்களைப் பிரித்து, இடுப்பில் கை போட்டு இழுத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றியது அவள்தான். நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே செய்தாள்.

“நான் தினமும் போடறேன்” என்றாள் ஸ்பூர்த்தி. “மேடத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன். ஆஸ்துமா இருக்குன்னும் சொல்றேன், பம்பு போடறேன்னும் சொல்றேன்.”

“நான் வந்து விட்டுட்டு வரேன்டி. மேடத்துகிட்ட நானும் பேசறேன்.”

ஸ்பூர்த்தி புத்தகங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த வேற்று மனுஷியிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“வேண்டாம்மா. ஹாஸ்டலுக்கு நீ வராதே.”